மார்க்கர் வீராசாமியின் காலி அலமாரி

அறுபத்தொன்பதாம் வருஷம் நான் அடித்த பூப்பந்து ஒன்று எங்கள் கல்லூரி மைதானத்திலிருந்து கிளம்பி, அம்பத்தூர் ஏரியைக் கடந்து, ஓடிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலின் ஜன்னலுக்குள் புகுந்து, திருநின்றவூரில் இறங்கியது.

சரி, இதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. பூப்பந்து என்பது கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் உருண்டை. எதிர்க்காற்று வந்தால் அடித்தவள் மடியிலேயே திரும்பி விழும். உண்மையில் அந்தப் பந்து வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையின் முதுகில் போய் உட்கார்ந்தது. எருமை மட்டும் அன்று ரயில் ஏறியிருந்தால் நான் சொன்னதில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

அந்த எருமைக்குப் பின்னால், "ஏய், கல்லூரி சொத்து! நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடியவர்தான் வீராசாமி. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்தில் அருள்செல்வி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் கல்லூரிப் பெண்கள் பூப்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். அப்போது ஆவடி சேக்காட்டிலிருந்து ரயிலில் வந்து போவாள். ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்ததும் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது இன்றைய ஏற்பாடு. எருமை வரைக்கும் கேட்டுவிட்டு, "ஓடினது எருமை இல்ல, கன்னுக்குட்டி" என்றாள். கன்றுக்குட்டிக்குக் கம்பீரம் போதாது. எருமை இருக்கட்டும்.

கல்லூரிகளில் மைதானத்துக்குக் கோடு போட்டு, வலை கட்டி, மட்டைகளையும் பந்துகளையும் பூட்டிக் காப்பவருக்கு மார்க்கர் என்று பெயர். எங்கள் மார்க்கர் வீராசாமி காக்கி நிஜார் போடுவார். மீசையை விளக்கெண்ணெய் போட்டு முறுக்கியிருப்பார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அந்த விசிலை ஊத அவருக்கு அனுமதி கிடையாது, தொங்கவிட்டுக்கொள்ள மட்டும்தான். அதற்கே மாணவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். நாங்கள் ஆடும்போது கோட்டோரம் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். அதில் பாதி தப்பாக இருக்கும். மீதிப் பாதி வேறு ஆட்டத்துக்கு உரியதாக இருக்கும். "காலப் புடிம்மா, காலப் புடி!" என்பார். பூப்பந்தில் யார் காலைப் பிடிப்பது?

அவர் வீடு கள்ளிக்குப்பத்தில். கல்லூரி வருவதற்கு முன் எங்கள் மைதானம் நெல் விளைந்த நிலம். அவருடைய அப்பா அதில் கூலிக்கு நாற்று நட்டவர். அதனால் வீராசாமி "கிரவுண்டுக்குப் போறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கழனிக்குப் போய்ட்டு வரேன்" என்பார். மழை பெய்தால் சந்தோஷப்படுவதா, கோடு அழிந்துவிடும் என்று துக்கப்படுவதா என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திட்டுவார்.

விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை அவருடைய ராஜ்ஜியம். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம். இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பலகையைப் பிரித்து இழைத்து, கண்ணாடி போட்டு, அவரே செய்த அலமாரி. ஒரு தட்டின் அடியில் 'ஜாக்கிரதை, தலைகீழாக வைக்காதே' என்று ஏதோ வெளிநாட்டு மொழியில் அச்சடித்த எழுத்துகூட அப்படியே இருந்தது. கல்லூரி ஜெயிக்கப்போகும் கோப்பைகளை வைக்கத்தான் அந்த அலமாரி.

கோப்பைதான் வரவில்லை. ஆண்கள் ஹாக்கி தோற்றது. கால்பந்து தோற்றது. கபடியில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தன்று கேப்டனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வீராசாமி மட்டும் தினமும் காலையில் காலி அலமாரியைத் துடைத்துவைப்பார். வெறுமையாகக் கிடக்கிறதே என்று ஒரு நாள் தன்னுடைய டிபன் கேரியரைத் தேய்த்துப் பளபளவென்று உள்ளே வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்து, "இது எந்தப் போட்டிக்குக் கொடுத்தது?" என்று கேட்டாராம். "சாப்பாட்டுப் போட்டி சார்" என்றாராம் வீராசாமி.

"இதுவும் கதையா?" என்கிறாள் அருள்செல்வி. இல்லை, இது நிஜம். நிஜம்தான் சில சமயம் நம்பும்படி இருக்காது.

இந்த அலமாரிக்குத்தான் ஆபத்து வந்தது. விலங்கியல் துறைத் தலைவர் கங்காதரன் சார் நல்ல மனிதர், ஆனால் அவரிடம் தவளைகள் நிறைய இருந்தன. பாட்டில் பாட்டிலாக, ஜாடி ஜாடியாக, மருந்துத் தண்ணீரில் ஊறிய தவளைகள், பாம்புகள், ஓணான்கள். வைக்க இடமில்லாமல் எல்லாம் தரையில் இருந்தன. ஒரு மாணவன் நாற்காலி என்று நினைத்து ஒரு ஜாடியின் மேல் உட்கார்ந்தே விட்டான். கங்காதரன் சார் பிரின்சிபாலிடம் போனார். விளையாட்டு அறையில் ஒரு நல்ல கண்ணாடி அலமாரி சும்மா நிற்கிறது என்றார். பிரின்சிபால் வீராசாமியைக் கூப்பிட்டார்.

"வீராசாமி, தீபாவளிக்குள்ள ஒரு கோப்பை வந்தா அலமாரி உனக்கு. இல்லேன்னா விலங்கியலுக்கு."

அன்று மாலை அவர் அருள்செல்வியிடமும் என்னிடமும் வந்து நின்ற கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

"செல்வி கண்ணு, வரலட்சுமி பாப்பா, உங்களத்தான் நம்பிகினு கீறேன். ஆம்பளப் பசங்கள நம்பி ஒண்ணியும் ஆவல. நான் கைல இழச்ச மரத்துல தவக்கள குடியேறப் போவுதாம். அத்தப் பாத்துகினு நான் உசுரோட இருக்கணுமா?"

அவர் மனைவி கன்னியம்மா அப்போது அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். "ஊட்ல அரிசி கொட்டி வெக்க ஒரு நல்ல டப்பா இல்ல. வராத கோப்பைக்கு இவுரு கண்ணாடி மாளிகை கட்டிகினு கீறாரு. தவக்கள வந்தாலாவது ஆள் நடமாட்டம் இருக்கும்" என்றாள்.

அந்த வருஷம் எங்கள் மண்டலப் பெண்கள் பூப்பந்துப் போட்டி எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எப்படி என்று கேட்காதீர்கள். ஓர் அணிக்குப் பொன்னுக்கு வீங்கி. இன்னோர் அணி அம்பத்தூரில் இறங்குவதற்குப் பதில் ஆவடியில் இறங்கி, நாங்கள் இல்லாத மைதானத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது. மூன்றாவது அணியை மட்டும் உண்மையாகவே அடித்து ஜெயித்தோம்.

இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. கோர்ட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டம் தள்ளிப்போனது. அடுத்த நாளும் மழை. அதற்கு அடுத்த நாள் வெயில் பளிச்சென்று அடித்தது. அன்று ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. எஸ்டேட்டில் ஒரு சக்கரம் ஓடாது. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, சைக்கிளுக்குச் சந்தனம். பூசையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறு பூசை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. அன்று காலை, இறுதி ஆட்டத்தில் எங்களை எதிர்த்து ஆட வேண்டிய பட்டணத்துக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. "நாளையிலிருந்து எங்கள் பெண்கள் ஊருக்குப் போகிறார்கள், ஆடுவதானால் இன்று பிற்பகல் ஆடுவோம்" என்றார்கள். பிரின்சிபால் வீட்டில் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டே "சரி" என்றுவிட்டார். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் எட்மண்ட் சார் மட்டைகளை எடுக்க விளையாட்டு அறைக்கு ஓடினார். நானும் அருள்செல்வியும் பின்னால் போனோம்.

கதவைத் திறந்தால் சாம்பிராணிப் புகை. அலமாரிக்குள் சரஸ்வதி படம். அதன் காலடியில் மட்டைகள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் பட்டையும் பொட்டும். வலையைச் சுருட்டி அதற்கு மாலை. பந்துகள் ஒரு தாம்பாளத்தில், லட்டு மாதிரி, சந்தனம் அப்பி. சுண்ணாம்பு வாளிக்குக் குங்குமம். வெளியே மைதானம் சமன் செய்யும் கல் உருளைக்குப் பூமாலை, அடியில் எலுமிச்சம்பழம். அவர் கழுத்து விசில்கூட சரஸ்வதியின் வீணைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"வீராசாமி! இன்னிக்கு மத்தியானம் ஃபைனல்ஸ்யா! எடு எல்லாத்தையும்!"

வீராசாமி அசையவில்லை. "சார், போன வருசம் இன்னா செஞ்சோம்? வெறும் பொரி வெச்சோம். பூசணிக்கா ஒடைக்கல. அதான் எல்லா ஆட்டமும் ஊத்திகிச்சி. இந்த வருசம் ஒரு கொறையும் வெக்கல. ஆத்தாகிட்ட கோப்பை கேட்டுகினு படைச்சிக்கிறேன். இப்ப எடுத்தா இன்னா ஆவும்?"

"எடுக்கலைன்னா ஆடாமலே அவங்க ஜெயிச்சதா எழுதிடுவாங்க. வலையும் பந்தும் குடுக்க வேண்டியது நாமதான்."

"எடுத்தா சாமி கோவத்துல கோப்பை போச்சு. எடுக்காங்காட்டியும் போச்சு." வீராசாமி வெளியே போய் உருளையின் மேல் உட்கார்ந்தார். அதற்கும் பூசை போட்டிருப்பது ஞாபகம் வந்து துள்ளி எழுந்தார்.

எட்மண்ட் சாருக்கு ஒரு யோசனை வந்தது. ஆவடிப் பக்கம் பாதிரியார்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே யார் ஆயுத பூஜை போடப்போகிறார்கள்? சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தார். திரும்பி வந்தபோது சைக்கிளில் ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் வியர்வை.

"அங்கயும் சந்தனம் குங்குமம்யா! வலைக்கு மாலை! அந்த மார்க்கர் வேம்புலி சாவியை இடுப்புல சொருகிகிட்டு கதவுக்குக் குறுக்க நிக்கறான்!"

"வேம்புலி என் மச்சான் சார்" என்றார் வீராசாமி பெருமையாக. "நாந்தான் சொல்லி அனுப்சேன். பாவம், அந்தப் பசங்களும்தான் வெளையாட்றாங்கோ, அவங்களுக்கும் தொணை வேணாமா?"

"அது பாதிரியார் பள்ளிக்கூடம்யா!"

"ஃபாதரே வந்து பொரி வாங்கினு போனாராம் சார்."

எட்மண்ட் சார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டணத்து அணியின் வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. அதற்கும் வாழைக்கன்று கட்டியிருந்தது.

அப்போது வீராசாமி எழுந்தார். "ஒரே வழிதான் கீது. பூ கேக்கலாம்." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒருத்தர் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. எடுப்பதற்கு அருள்செல்வியைக் கூப்பிட்டார்.

"நானா? அண்ணே, நான் கோயிலுக்குப் போறவளே இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சு."

"அதாம்மா வேணும். நீ வேற சாமியோட பொண்ணு. எங்க ஆத்தாவுக்கு உன்கிட்ட ஓரவஞ்சன இருக்காது. எடு."

எடுத்தாள். சிவப்பு அரளி.

வீராசாமி படத்தை உற்றுப் பார்த்தார். "காதுல விழல" என்றார். "வெளிய ரயிலு போச்சு. அந்தச் சத்தத்துல நாம கேட்டதே அதுக்குக் கேக்கல. இன்னொரு தபா எடு."

மறுபடியும் சிவப்பு. "இப்ப புகை மூட்டம். சரியா தெரியல" என்று சாம்பிராணியை வெளியே எடுத்து வைத்தார். மூன்றாம் முறை வெள்ளை வந்தது. "பாத்தியா! அப்பவே நெனச்சேன், ஆத்தா என்னிக்கும் நம்ம பக்கம்தான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மட்டைகளை எடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. சந்தனம், குங்குமம் எதையும் துடைக்கக்கூடாது. நாளைக் காலை மறு பூசை வரை இது சாமி சாமான்தான், நாம் இரவல் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு பூப்பந்து இறுதி ஆட்டம் உலகத்திலேயே எங்கள் ஊரில்தான் நடந்திருக்கும். சந்தனம் அப்பிய பந்து கல்லு மாதிரி கனத்தது. அடிக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை குங்குமம் பறந்தது. கொஞ்ச நேரத்தில் பத்துப் பெண்களும் கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தோம். நடுவர் விசில் கொண்டுவர மறந்துவிட்டார். வீராசாமியின் விசிலை வாங்கி ஊதினார். முதல் ஊதலிலேயே அவர் உதடு சிவந்து, வெற்றிலை போட்டவர் மாதிரி ஆகிவிட்டது. வாசனை மட்டும் பிரமாதம்.

பூசணிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் வீராசாமி அதை ஏரிப் பக்கத்துக் கோட்டுக்கு அருகே உடைத்திருந்தார். ஆட்டம் இன்றுதான் என்று தெரிந்ததும் ஓடுகளைப் பொறுக்கிப் போட்டார். சதையையும் விதையையும் அவ்வளவு அக்கறையாகப் பொறுக்கவில்லை. அருள்செல்வியிடம் வந்து காதோடு, "டாஸ் ஜெயிச்சா ரோட்டுப் பக்கம் கேளு கண்ணு. அந்தப் பக்கம் அவங்க இருக்கட்டும்" என்றார். டாஸ் ஜெயித்தோம். ரோட்டுப் பக்கம் கேட்டோம். மூன்று ஆட்டங்களில் முதலாவதில் பட்டணத்துப் பெண்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். வீராசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஜெயித்தோம்.

அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் கையைச் சுழற்றிக் காட்டினார். பக்கம் மாற வேண்டும்.

வீராசாமியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் அந்தக் கோர்ட்டுக்குக் கோடு போட்டவர்! எத்தனை ஆட்டம் பார்த்தவர்! அணிகள் பக்கம் மாறும் என்பது மட்டும் அன்று காலை அவர் புத்தியில் ஏறவில்லை. "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை நாங்கள் விழுந்தோம். தோற்றோம்.

மூன்றாவது ஆட்டத்தில் பாதியில் பக்கம் மாறினோம். பூசணிக்காய் பாரபட்சம் பார்க்கவில்லை, இரண்டு அணியையும் சமமாக வாரியது. கடைசிப் புள்ளி. பந்து என்னை நோக்கி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வழுக்கவில்லை. பூமி நகர்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால், பந்து என் தலைக்கு மேலே சந்தன வாசனையோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

தோற்றுவிட்டோம். வீராசாமி கோர்ட்டுக்குள் வந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கினார். திட்டவில்லை. "உன் மேல தப்பு இல்ல பாப்பா. பூசணிக்கா என்னுது" என்றார். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவர் அப்போது தவளைகளை நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தோற்ற அணிக்கும் ஒரு கோப்பை உண்டு என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஜெயித்தவர்களுக்குப் பெரிது. இரண்டாம் இடத்துக்கு ஒரு சின்னக் கோப்பை, காப்பி டம்ளரை விடக் கொஞ்சம் பெரிது, இரண்டு காது வைத்தது. வயிற்றில் ஆங்கிலத்தில் இரண்டாம் இடம் என்று வெட்டியிருந்தது. அருள்செல்வி அதை வாங்கிக்கொண்டு வந்து வீராசாமி கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார், பிறந்த குழந்தையை வாங்குவது போல.

"கோப்பைதானே இது?" என்று கேட்டார்.

"கோப்பைதான் அண்ணே."

விடுமுறை முடிந்து பிரின்சிபாலும் கங்காதரன் சாரும் அலமாரியைப் பார்க்க வந்தார்கள். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அலமாரியின் நடுத்தட்டில் கோப்பை மட்டும் நின்றது. எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. வழவழவென்ற முதுகு மட்டும் எங்களைப் பார்த்துப் பளபளத்தது.

"ஜெயிச்சீங்களா வீராசாமி?" என்றார் பிரின்சிபால்.

"கப்பு வந்துகீது சார்."

பக்கத்தில் நின்ற எட்மண்ட் சார் கூரையில் ஏதோ பல்லி தேடினார். பிரின்சிபால் கங்காதரன் சாரைப் பார்த்தார். கங்காதரன் சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கோப்பை இருக்கற இடத்துல தவளையை வைக்கறது சரியில்லை சார். நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அலமாரி பிழைத்தது. எழுபதுகளில் பெண்கள் அணிக்கும், பின்னால் ஹாக்கிக்கும் நிஜமான கோப்பைகள் வந்தன. தட்டு நிறைந்து, அலமாரியின் தலையிலும் ஏறின. வீராசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கள்ளிக்குப்பத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து புளி போட்டு எல்லாவற்றையும் தேய்ப்பார். கன்னியம்மா, "ஊட்டுப் பித்தளையை ஒரு நாளாவது தொட்டிருப்பியா?" என்று கேட்பாள். அந்தச் சின்னக் கோப்பையை மட்டும் கடைசிவரை அவர் திருப்பவில்லை. படித்த பிரின்சிபாலையும் படித்த பேராசிரியரையும் ஒரு கோப்பையின் முதுகைக் காட்டி ஏமாற்றிய மனிதர் நம் வீராசாமி. என்ன தந்திரம்!

இதுவரை எழுதி, படித்துக் காட்டினேன். அருள்செல்வி மொச்சை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"வரா, அதை அடி. திருப்பி வெச்சது வீராசாமி அண்ணன் இல்ல, திரும்பி இருந்ததை அப்படியே விட்டாரு, அவ்வளவுதான். அவருக்கு அந்த எழுத்துதான் பெருமை. இங்கிலீஷ் தெரியாது, அதனால அதைத்தான் ரொம்ப நேரம் தேய்ச்சாரு. எல்லாருக்கும் தெரியற மாதிரி முன்பக்கமா வெச்சிட்டுப் போனாரு. மறு பூசை அன்னிக்குக் காலைல மட்டையைத் திருப்பிக் குடுக்க நான் அங்க போயிருந்தேன். கங்காதரன் சார் இஞ்ச் டேப்போட வந்தாரு, எத்தனை ஜாடி அடுக்கலாம்னு அளக்க. கதவைத் திறந்தாரு. படிச்சாரு. என்னைப் பாத்தாரு. அவர்தான் கோப்பையைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சாரு. டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுகிட்டு, கதவைச் சத்தம் இல்லாம சாத்திட்டுப் போயிட்டாரு."